கூலியும் கதவும் குரலும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்த இரண்டு ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது ஆண்டாள் அவதரித்த ஊர். வானளாவிய கோபுரமும் கைத்தறிச் சேலையும் பால்கோவாவும் அதன் பெயரைச் சொல்லும். பின்னது பஞ்சும் நூலும் வளர்த்த ஊர். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அங்கே ஒரு நூற்பாலையை நிறுவினார். அதன் பின்னர் ஆலைகள் பல எழுந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி இன்று எத்தனையோ மருத்துவமனைகளில் காயங்களைக் கட்டப் பயன்படுகின்றது.

இவ்விரண்டு ஊர்களின் பெருமையைப் பேசுவதற்காக நான் இன்று வரவில்லை. இங்கே என் கண்முன் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி, அது எனக்குக் கற்பித்த வரலாற்றுப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

2010ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மார்கழி மாதம். ஞாயிற்றுக்கிழமை. நானும் என் மனைவியும் ஆண்டாள் கோவிலுக்குச் சென்றிருந்தோம். முப்பது இளம் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் பதினாறு முதல் இருபது வயதிற்குட்பட்டவர்கள். வரிசையின் முன்னே ஒரு விடுதிக் காப்பாளர். பின்னே ஒரு காவலாளர். ஏதோ ஒரு பள்ளியிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் என்றே முதலில் எண்ணினேன். ஓர் ஆலையின் விடுதியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பிரசாதம் வாங்கும் நெரிசலில் ஒரு பெண் என் மனைவியின் அருகில் வந்து, மெல்லிய குரலில், "அக்கா, இங்கேருந்து சிவகங்கைக்கு பஸ் எத்தனை மணிக்கு இருக்கு?" என்று கேட்டாள்.

"மதுரைக்குப் போய் மாறணும்மா. நீ வந்து எத்தனை நாளாச்சு?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது அக்கா."

"சம்பளம் தர்றாங்களா?"

"கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவாங்க. மீதி மூணு வருஷம் முடிஞ்சாத்தான் மொத்தமா."

அதற்குள் காப்பாளரின் குரல் கேட்டது. அவள் வரிசைக்குத் திரும்பிவிட்டாள். இரண்டாண்டு ஓரிடத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, அங்கிருந்து தன் ஊருக்குப் போகும் பேருந்து எது என்று தெரியவில்லை! நான் அன்று ஒன்றும் செய்யவில்லை. வீடு திரும்பி, மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டிய பாடத்தைப் புரட்டினேன். அது ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றிய பாடம். பீஜித் தீவையும் நேட்டாலையும் பற்றி ஆண்டுதோறும் உருக்கமாகப் பேசிவந்த நான், அந்த வரலாற்றின் சாயல் என் ஊர்க் கோவில் வாசலில் நின்று பேருந்து நேரம் கேட்டபோது அடையாளம் காணத் தவறினேன். அந்தக் குறையை எண்ணியே இன்று பேசுகின்றேன்.

கடல் கடந்து சென்ற பெண்களின் கதையிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலப் பேரரசின் நாடுகளில் அடிமை முறை 1834ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேறு ஆட்கள் வேண்டியிருந்தனர். அந்த ஆண்டிலேயே மொரீசியசுக்கு இந்தியக் கூலிகள் ஒப்பந்தத்தின் பேரில் செல்லலாயினர். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. பீஜிக்கு முதற் கப்பல் 1879இல் சென்றது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் அங்கே சென்றன.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கு விதிக்கப்பட்டிருந்தது. இந்தக் கணக்கை நிறைவுசெய்ய, ஆள்பிடிக்கும் தரகர்கள் கைம்பெண்களையும், குடும்பத்தைப் பிரிந்தவர்களையும், திருவிழாக் கூட்டத்தில் வழி தவறியவர்களையும் தேடி அலைந்தனர். பீஜியில் நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சில்லிங்கு. பெண்ணுக்கு ஒன்பது பென்சு. குடியிருப்போ பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள அறை. வேலைக்கு வராவிட்டால் அபராதம், சிறை. தோட்டத்தை விட்டு இசைவின்றி வெளியேறுவதும் குற்றம்.

இத்தகைய இடத்தில் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் அவள் யாரிடம் முறையிடுவாள்? அடிப்பவனே மேற்பார்வையாளன், கூலிக் கணக்கு எழுதுபவனும் அவனே. 1913ஆம் ஆண்டு பீஜியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டும். குந்தி என்னும் தொழிலாளப் பெண்ணை மற்றப் பெண்களிடமிருந்து பிரித்து, ஒதுக்குப்புறமான வாழைத் தோட்டத்தில் தனியே வேலை செய்யுமாறு விட்டனர். மேற்பார்வையாளன் அங்கே வந்து அத்துமீற முயன்றான். அவள் அவனை உதறிவிட்டு ஓடி ஆற்றில் குதித்தாள். சிறு படகில் வந்த ஒரு சிறுவன் அவளைக் காப்பாற்றினான். குந்தி அத்துடன் நிற்கவில்லை. தனக்கு நேர்ந்ததை வெளியுலகிற்குச் சொன்னாள். அது கல்கத்தாவின் 'பாரத மித்திரன்' பத்திரிகையில் வெளிவந்தது. தீவின் அதிகாரிகள் மறுத்தனர். அவளோ தன் சொல்லில் உறுதியாக நின்றாள்.

ஓர் ஏழைப் பெண்ணின் அந்தக் குரல் நாட்டை அசைத்தது. 1915இல் சி. எப். ஆண்ட்ரூசும் பியர்சனும் பீஜிக்குச் சென்று நிலைமையை நேரில் ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். 1916 மார்ச்சில் மதன் மோகன் மாளவியா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1917 தொடக்கத்தில் அலகாபாத்தில் சரோஜினி நாயுடு இம்முறையைக் கண்டித்து முழங்கினார். நம் எட்டயபுரத்துப் பாரதியாரும் பீஜித் தீவின் பெண்களை எண்ணிக் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் பாடலைப் பாடினார். அந்த 1917ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது; 1920ஆம் ஆண்டின் முதல் நாளில் பீஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

இந்த வரலாற்றில் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ளுங்கள். கூலி யார் கையில் இருந்தது? கதவைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது? அவள் குரலைக் கேட்பவர் யார்? இந்த மூன்று வினாக்களையும் கையில் எடுத்துக்கொண்டு இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் இராமநாதபுர மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1985இல் விருதுநகரை உள்ளடக்கிய புதிய மாவட்டத்திற்கு உரியதாயிற்று. மழையை நம்பிய தென் மாவட்டச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்த பின்னரே தொழிலாளரைக் கடல் கடக்க விட்டனர்.

இங்கே ஒப்பந்தத் தாள் இல்லை, கங்காணி இருந்தான். அவன் பெரும்பாலும் ஊர்க்காரன், உறவினன், தெரிந்த முகம். வழிச்செலவிற்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் செல்வான். அந்த முன்பணமே கடனாகித் தொழிலாளியின் கழுத்தில் ஏறும். வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டும் உடன் செல்லும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் ஆள் நகரலாம். கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. எனினும் அவர்களுக்குக் கூலி ஆண்களை விடக் குறைவு. அதையும் கணவனோ கங்காணியோ பெற்றுக்கொள்வது வழக்கமாயிருந்தது. தன் உழைப்பின் பயனைத் தன் கண்ணால் காணாத பெண், தனக்கு நேர்ந்த தீங்கை மட்டும் எங்ஙனம் வாய்விட்டுச் சொல்வாள்?

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. 1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சட்டமும் ஒரு பூட்டை உடைத்தது உண்மை. ஆயினும் பூட்டுச் செய்வோர் ஓய்ந்திருப்பதில்லை. பழைய பூட்டு உடைந்தால் புதிய பூட்டு ஒன்று உருவாகும். அது சில வேளைகளில் நகை போலவும் தோன்றும்.

அத்தகைய நகைதான் 'சுமங்கலித் திட்டம்' என்பது. 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும், வழக்கில் 'கேம்ப் கூலி' என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதிகளிலும், நம் மாவட்டப் பகுதியிலும் நூற்பாலைகள் பல இம்முறையைக் கையாண்டன. தரகர்கள் வறண்ட ஊர்களுக்குச் சென்று பெற்றோரைக் காண்பார்கள். "பெண்ணை மூன்று ஆண்டு அனுப்புங்கள். விடுதி உண்டு, உணவு உண்டு, காவல் உண்டு. முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும், கலியாணத்தை நடத்திவிடலாம்" என்பார்கள். வரதட்சணை 1961ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆயினும் அந்தத் தடுக்கப்பட்ட பொருளுக்காகவே ஒரு பெண் தன் இளமையை நூல் கதிர்களின் இடையே செலவிட்டாள்.

இதிலுள்ள சூட்சுமத்தை உணருங்கள். மொத்தத் தொகை என்பது ஆலை அளிக்கும் கொடை அன்று. அது அவள் மாதந்தோறும் ஈட்டிய கூலியிலிருந்து பிடித்துவைத்த பணம். இடையில் நோயுற்றாலோ, மேற்பார்வையாளரின் தொல்லை பொறுக்காமல் வெளியேறினாலோ, அந்தத் தொகையை இழக்க நேரிடும் என்ற அச்சம் அவளை வாய்மூடச் செய்தது. ஊதியத்தைக் குறித்த நாளில் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்ட ஊதியம் வழங்கல் சட்டமும் 1936ஆம் ஆண்டிலேயே பிறந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். இராஜபாளையத்தில் அந்த முதல் நூற்பாலை நிறுவப்பட்ட அதே ஆண்டு அது! கூலியைப் பிடித்துவைக்கக் கூடாது என்னும் அறிவு நமக்குப் புதிதன்று. அதை மறந்ததே புதிது.

எல்லா ஆலைகளும் ஒரே தன்மையன என்று நான் சொல்ல வரவில்லை. மாதந்தோறும் முறையாக ஊதியம் அளித்து, பெண்களை மதிப்புடன் நடத்திய ஆலைகளும் உண்டு. இந்த ஆலைகள் அளித்த வேலையால் படித்த தங்கையரும், கடன் தீர்ந்த குடும்பங்களும் உண்டு. வேலைக்காக ஊரை விட்டுச் செல்வது தீதன்று. சென்ற இடத்தில் அவள் உரிமையை யார் வைத்திருக்கிறார் என்பதே வினா.

இனிக் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெண்களைக் காப்பது என்றால் அவர்களைப் பூட்டி வைப்பது என்றே நெடுங்காலமாக நாம் எண்ணி வந்தோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பொதுவாகக் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில் மட்டுமே பெண்கள் ஆலையில் பணிசெய்யலாம் என்றது. நல்லெண்ணத்தில் எழுந்த விதிதான். ஆனால் இரவுப் பணி இல்லை என்பதால் வேலையே இல்லாமற் போனவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த இரவுத் தடை அரசமைப்பிற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இரவில் பெண்களை அமர்த்துவோர் பாதுகாப்பும் போக்குவரத்தும் செய்துதர வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது. தடுப்பது காப்பாகாது, தக்க ஏற்பாடு செய்வதே காப்பு என்பது அந்தத் தீர்ப்பின் உட்பொருள்.

விடுதிக் கதவிற்கும் இது பொருந்தும். பெற்றோர் உயர்ந்த மதிலையும் பூட்டிய வாயிலையும் கண்டு நிம்மதி கொள்கின்றனர். அந்த மதில் வெளியிலிருந்து வரும் கள்வனைத் தடுக்கலாம். உள்ளேயே இருக்கும் தீயவனை அது எவ்வாறு தடுக்கும்? மாறாக, அவனுக்கு அது துணையாகின்றது அன்றோ? தொலைபேசியில் தாயோடு தனித்துப் பேசமுடியாத, விடுமுறை நாளில் கடைத்தெருவிற்குப் போகமுடியாத பெண் காக்கப்பட்டவள் அல்லள், மறைக்கப்பட்டவள். 2014இல் தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, விடுதிகள் பதிவுபெற்று ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. மதிலுக்குள் ஒளி புக அது ஒரு சாளரம்.

இக்காலத்தில் நம் ஆலைகளுக்கு வருகின்ற பெண்கள் தமிழ்ப் பெண்கள் மட்டுமல்லர். ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வருகின்றனர். இங்கே வரலாறு ஒரு விந்தையைச் செய்திருக்கின்றது. சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இராஜபாளையத்தில் பிறந்தவர். அவர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். இங்கிருந்து ஒருவர் ஆளுநராகச் சென்ற அந்த நாட்டிலிருந்து இன்று ஏழைப் பெண்கள் நம் வாயிலுக்கு வேலை தேடி வருகின்றனர். அவர்களை நாம் எவ்வாறு வரவேற்கின்றோம்?

அதே ஒரிசாவில் 'தாதன்' என்னும் முறை இருந்தது. தரகர்கள் முன்பணம் கொடுத்து ஆட்களைத் தொலைதூர வேலைகளுக்கு அழைத்துச் சென்று, கணக்குத் தீர்க்காமல் வருத்தினர். அவர்கள் படும் துன்பம் 1970களில் வெளிப்பட்டதன் பயனாக, 1979இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கான சட்டம் உருவாயிற்று. ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டும், பயணப்படி தரவேண்டும், தங்குமிடம் அளிக்கவேண்டும் என்று அது விதித்தது. ஆனால் மாநில எல்லையைக் கடந்தவர்களுக்கே அது துணைசெய்தது. சிவகங்கையிலிருந்து நம் பகுதிக்கு வந்த அந்தப் பெண்ணும், இங்கிருந்து திருப்பூருக்குப் போகும் பெண்ணும் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். அச்சட்டம் பின்னர் 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அடக்கப்பட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். மொழி தெரியாத ஊரில் தனித்து நிற்கும் பெண்ணின் அச்சம் மாறியதா என்பதே அதன் உரைகல்.

இறுதியாகக் குரல். 1992இல் இராஜஸ்தானில், குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற அரசுப் பணிப்பெண் பன்வாரி தேவி கொடுமைக்கு ஆளானார். அவர் வாய்மூடி இருக்க மறுத்தார். அதன் தொடர்ச்சியாகப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் 'விசாகா' நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமாக மலர்ந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிசெய்யும் இடங்களில் எல்லாம், பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். சிறிய தொழிலகங்களில் உழைப்போர் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.

எனினும் குழு என்பது ஏட்டில் எழுதிய பெயர்ப்பட்டியலாக நின்றுவிடுதல் கூடாது. 2021 சனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிலகம் ஒன்றில் பணிசெய்த ஓர் இளம் பெண் கொலையுண்டார். மேற்பார்வையாளர் ஒருவரே குற்றஞ்சாட்டப்பட்டார். அத்துயரத்திற்குப் பின் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடியது. 2022 ஏப்ரலில் அச்சங்கமும் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்சு நிறுவனமும் பன்னாட்டு அமைப்புகளும் சேர்ந்து 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்துகொண்டன. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அதன் சிறப்பு யாதெனில், தொழிலாளரிலிருந்தே பெண்களைத் தேர்ந்து பயிற்சி தந்து, இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் பணித்தளத்தில் கண்காணிக்கச் செய்தமையே. தொல்லை நேர்ந்தால் தொலைவிலுள்ள அலுவலகத்தைத் தேட வேண்டியதில்லை. அடுத்த இயந்திரத்தில் நிற்கும் தோழியிடம் சொல்லலாம். 2019இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பணியுலகில் வன்முறைக்கு எதிரான 190ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உலகம் ஒப்பிய அந்தக் கொள்கை நம் திண்டுக்கல் பெண்களின் கையில் நடைமுறையாயிற்று.

அன்று குந்தியைப் பிற பெண்களிடமிருந்து பிரித்துத் தனியே விட்டதுதான் தீங்கின் தொடக்கம். இன்று திண்டுக்கல்லில் பெண்கள் ஒருவருக்கொருவர் காவலானதுதான் தீர்வின் தொடக்கம். நூறாண்டு வரலாறு சொல்லும் பாடம் இதுவே. ஈட்டிய கூலி மாதந்தோறும் அவள் கணக்கில் சேரவேண்டும். விடுதியின் கதவு அவள் விருப்பத்திற்கும் திறக்கவேண்டும். அவள் குரலைக் கேட்கத் தோழியரும் சங்கமும் சட்டமும் அருகில் இருக்கவேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா.

மாணவ மாணவியரே, உங்களுள் பலருடைய ஊர்களுக்கு இன்றும் தரகர்கள் வருவார்கள். உங்களோடு படித்த தோழி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்போடு நின்று வேலைக்குச் செல்லக்கூடும். அவளைத் தடுக்க வேண்டா. சம்பளம் மாதந்தோறும் வருமா, விடுமுறையில் வெளியே போகலாமா, புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் அவள் நினைவில் பதியச் செய்யுங்கள்.

மார்கழி விடியலில் தோழியரை வீடுவீடாகச் சென்று எழுப்பி, யாரையும் விட்டுவிடாமல் அழைத்துச் சென்ற நங்கையின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தக் கோவில் வாசலில் பேருந்து நேரம் கேட்ட பெண்ணை நான் பின்னர்க் காணவில்லை. அவள் தன் பணத்தைப் பெற்றாளா, ஊர் சேர்ந்தாளா என்பதை அறியேன். ஆயினும் அதே சாலையில் செல்லும்போதெல்லாம் அவள் வினா என் செவியில் ஒலிக்கின்றது. தனக்கு வேண்டிய பேருந்தைத் தானே அறிந்து, தன் பணத்தில் சீட்டு வாங்கி, விரும்பிய நாளில் ஊர் சென்று திரும்பும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் கிட்டும் நாளில்தான் அந்த வினாவிற்கு நாம் விடை சொன்னவர்களாவோம்.